கருவறை வெளிச்சம்

தங்கையின் புருஷனுக்கு அக்கா வைத்திருந்த பெயர் பல்பு. முகத்துக்கு நேரே "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். ஆனால் அந்த "மாப்பிள்ளை"யைச் சொல்லும்போது வாயில் கசப்பு மாத்திரை கரைகிற மாதிரி அவள் முகம் போகும். பல்புவுக்கு அது உறைத்ததே இல்லை. தன்னைப் பார்த்து ஒருத்தர் முகம் சுளித்தால், பாவம், அவருக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொள்கிற ரகம் அவன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கிளட்ச் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாமலே காரைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிற ஆட்களை வருடக்கணக்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்ததில், மனிதப் பிறவிகள் மேலேயே அவளுக்கு ஒரு பொதுவான இளக்காரம் வந்துவிட்டிருந்தது. அந்த இளக்காரத்தில் முதல் வரிசை சீட்டு பல்புவுக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் அவன் மெத்தை விற்றான். அப்போது உலகத்தில் இருக்கிற எல்லா நோய்க்கும் காரணம் மெத்தை. பிறகு தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றான். உடனே மெத்தை நிரபராதி ஆகி, பழி முழுவதும் தண்ணீர் மேல் விழுந்தது. இப்போது அவன் வெளிச்ச ஆலோசகர். அப்படித்தான் கார்டில் அச்சடித்திருந்தான். ஏதோ ஒரு ஓட்டல் ஹாலில் சனி, ஞாயிறு நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டோடு சேர்த்து அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

கம்பெனி கம்பெனியாகப் போய் அவன் சொல்வது இதுதான். வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கிறது. அதில் நீலம் மூளையைத் தட்டி எழுப்பும். ஆரஞ்சும் சிவப்பும் மூளையைச் சும்மா விடும். பகலில் நீலம் கலந்த நல்ல வெளிச்சம் வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு அது கூடாது, மீறினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் உடம்பு கெடும். இதில் பொய் ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதுதான். ஆனால் எந்த உண்மையும் பல்புவின் வாய்க்குள் போனால் திரும்பி வரும்போது அடையாளம் தெரியாமல் ஊதிப்போய் வரும். பொழுது சாய்ந்த பிறகு நீலம் வேண்டாம் என்பது, நீலமே விஷம் என்று ஆனது. விஷம் என்று ஆனபின் அது வீட்டுக்குள் எதற்கு?

தங்கைக்குக் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், அக்கா லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வெளியே பளீரென்று பகல். கதவைத் திறந்தால் உள்ளே வீடே டிகாஷனில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டியிருந்தது. பல்புகள் எல்லாம் ஆரஞ்சு. பிரிட்ஜுக்குள் இருந்த சின்ன பல்பைக் கழற்றிவிட்டிருந்தான். டிவியில் மினுங்குகிற ஒரு பொட்டு வெளிச்சத்தைக்கூட விடாமல் கறுப்பு டேப் போட்டு அடைத்திருந்தான். அக்காவின் பச்சைப் புடவை வாசற்படி தாண்டியதும் சேற்று நிறமாகிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, வீட்ல ஃபியூஸ் போயிடுச்சா?"

"இது கருவறை வெளிச்சம்க்கா," என்றான் அவன், கோயில் கருவறைக்குள் நிற்கிறவன் மாதிரி குரலைத் தாழ்த்தி. "அம்மா வயித்துக்குள்ள குழந்தை எந்த வெளிச்சத்துல இருந்துச்சோ அதே வெளிச்சம். முதல் மாசம் முழுக்க இப்படியே வெச்சா, தான் வெளிய வந்ததே அதுக்குத் தெரியாது."

"எப்பதான் தெரியும்? ஸ்கூல்ல சேர்க்கறப்பவா?"

தங்கை உள்ளறையிலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் போதும். இந்த ஆளிடம் மாட்டிக்கொண்டு இவள் சிரிக்கவே மறந்துவிட்டாள் என்பது அக்காவின் கட்சி. ஆகவே வந்த அன்றே ஒரு முடிவுக்கு வந்தாள். இருக்கிற வரைக்கும் பல்புவை ஓட்டு ஓட்டு என்று ஓட்டி, தங்கையைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவது.

குழந்தை ஆண். தங்கையின் இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற அளவுக்குச் சின்னது. முகத்தில் மூக்கு மட்டும்தான் முழுசாக வந்து சேர்ந்திருந்தது, மற்றதெல்லாம் பின்னால் வரும்போல. அக்காவுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அதை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டபோது, அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிற அளவுக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, அந்த வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"டாக்டர் மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

"இன்னிக்குத்தான் வரச் சொன்னாங்க," என்றாள் தங்கை. "கலர் பாக்கணுமாம். நாமளும் வீட்ல தினமும் ஜன்னல் பக்கத்துல வெச்சு, கண்ணு, தோலு எல்லாம் பாக்கணுமாம். ஆனா அவர் சொல்றாரு, இப்ப வேணாம்னு."

"ஏனாம்?"

பல்பு கதவோரமாகவே நின்றிருந்தான். "அங்க எல்லாம் டியூப்லைட்டுக்கா. வராந்தா, ரூம், லிஃப்ட், எங்க பாத்தாலும் வெள்ளை. ஒரு தடவை அதுக்குள்ள கொண்டு போயிட்டு வந்தா, இங்க நான் பண்ணி வெச்சது மொத்தமும் போச்சு. அடுத்த மாசம் தடுப்பூசிக்குப் போவோம்ல, அப்ப சேர்த்துப் பாத்துக்கலாம். போன் பண்ணி, குழந்தை நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"டியூப்லைட்டுக்குக் கீழ பிறந்த பிள்ளைதானே மாப்பிள்ளை? அப்ப ஒண்ணும் ஆகலயே?"

"அந்தப் பாதிப்பத்தான் இப்ப சரி பண்ணிக்கிட்டிருக்கோம்."

அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே சண்டை போட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் சண்டை போட்டால் இவனை ஒரு ஆளாக மதித்த மாதிரி ஆகிவிடுமே என்று அவளுக்குத் தோன்றியது. முட்டாளிடம் வாதாடுவது அவள் வழக்கம் இல்லை, கிண்டல் செய்வதுதான் வழக்கம்.

கிண்டலுக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. பழுத்த தக்காளியும் காயும் ஒரே நிறம். கீரை, தார் மாதிரி. சாதத்தில் கல் கிடந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பால் எப்போது பார்த்தாலும் டீ மாதிரியே இருந்ததால், ஒருநாள் டீத்தூள் போடாமலே பல்புவிடம் நீட்டினாள். அவன் குடித்துவிட்டு, இன்று டீ இதமாக இருக்கிறது, வெளிச்சம் சரியாக இருந்தால் நாக்கும் நன்றாக வேலை செய்யும் என்றான். அக்கா சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். டிரைவிங் ஸ்கூல் தோழிக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள். வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அவன் ஆரஞ்சுக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவான். அவன் ஏறும் நடையை அவள் தங்கைக்கு நடித்துக் காட்டினாள். உள்ளபடி சொன்னால், அக்கா அந்த நாட்களை ரசித்தாள். ஒருத்தனை இளக்காரமாகப் பார்ப்பதில் இருக்கிற சுகம், கையில் சொறி வந்தவனுக்குச் சொறிவதில் இருக்கிற சுகம் மாதிரி. விட மனசு வராது.

குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அதுதான் பல்புவுக்குப் பெருமை. "பாருங்கக்கா, அழுகை உண்டா? மத்த வீட்ல பிறந்த பிள்ளைங்க எல்லாம் வீட்டயே தலைகீழாக்கும். இது நிம்மதியா தூங்குது. வெளிச்சத்தோட நிறக் கலவை, அந்த ஸ்பெக்ட்ரம், சரியா இருந்தா அவ்வளவுதான் விஷயம்." அதை வீடியோ எடுத்தான். தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினான். கைக்குழந்தை தூங்கினால்கூட அதற்கு இவன் காரணமாக இருக்க வேண்டும்.

"பால் குடிக்கவே எழுப்ப வேண்டியிருக்குக்கா," என்றாள் தங்கை. "வாய வெச்ச உடனே தூங்கிடறான். நேத்தைவிட இன்னிக்கு இன்னும் கம்மி."

"உன் புருஷன் பேச்சக் கேட்டு அசந்துபோய்த் தூங்கறான் போல. எனக்கே தூக்கம் வருது."

தங்கை சிரித்தாள். பிறகு குழந்தையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இவன் கொஞ்சம் மஞ்சளா தெரியல?"

அக்கா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பல்புவின் குரல் வந்தது.

"அக்கா மட்டும் எப்படி இருக்காங்க? நீ எப்படி இருக்க? இந்த வீட்ல மஞ்சளா இல்லாதது எது, சொல்லு பாப்போம்!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் வாயிலிருந்து சிரிக்கிற மாதிரி வந்த முதல் பேச்சு அதுதான். அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்தாள். தங்கையும் ஒரு நொடி கழித்துச் சிரித்தாள். குழந்தையைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்தாள்.

அடுத்த நாள் பல்பு காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. பெரிய கம்பெனி ஒன்றின் மேனேஜர் வீட்டைப் பார்க்க வருகிறாராம். அவர்கள் ஆபீஸ் முழுக்க விளக்கு மாற்றப் போகிறார்கள். வேலை கிடைத்தால் பல்புவுக்கு வாழ்வுதான். ஹாலைப் பெருக்கி, சோபாவைத் தட்டி, வருகிறவருக்கு மாட்ட ஒரு ஆரஞ்சுக் கண்ணாடியைத் துடைத்து வைத்தான். "குழந்தையத்தான் கடைசியில காட்டப் போறேன். இது மாதிரி ஒரு சாட்சி உலகத்துல வேற எவன்கிட்ட இருக்கு?" என்றான்.

அந்தக் கூத்தைப் பார்க்கப் பொறுமையில்லாமல், துவைத்த துணியை அள்ளிக்கொண்டு அக்கா மொட்டை மாடிக்குப் போனாள். வெயில் கண்ணைப் பிடுங்கியது. கொடியில் முதல் துணியை உதறிப் போட்டாள். குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிற வெள்ளைத் துணி. அதன் நடுவில் பெரிய மஞ்சள் திட்டு. அடுத்ததை உதறினாள். அதிலும் திட்டு. கைபடக் கசக்கித் துவைத்தவை. பாத்ரூமில் பார்க்கும்போது ஒன்றில்கூடக் கறை இல்லை. ஆரஞ்சு வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதானே, கறை எப்படித் தெரியும்? பாவி, துணி துவைக்கக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டானே என்று பல்லைக் கடித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

மேல்வீட்டுக்காரி பக்கத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சாயம் போற துணியோட சேர்த்து ஊற வெச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. குழந்தை துணி மட்டும்தான். கறை போகல."

"இது மூத்திரக் கறையா?" அவள் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "பிறந்த பிள்ளைக்குத் தண்ணி மாதிரியில்ல போகும்? இவ்வளவு மஞ்சளாவா? குழந்தைய வெளிச்சத்துல வெச்சுப் பாத்தீங்களா? என் ரெண்டாவதுக்குக் காமாலை வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. பால் குடிக்காம தூங்கிக்கிட்டே கிடந்தான்."

கையிலிருந்த துணியை அக்கா கொடியில் போட்டாளா, தரையில் போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. படிகளில் இறங்கி ஓடினாள்.

ஹாலில் மேனேஜர் வந்து உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுக் கண்ணாடி மூக்கில் சரியாக உட்காராமல், அதை ஒரு விரலால் தாங்கிக்கொண்டிருந்தார். பல்பு அவர் முன் நின்று நீலத்தின் கொடுமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். அது கண் திறக்கவில்லை. கை ஒன்று துணிப்பொம்மையின் கை மாதிரி தொங்கியது.

"என்னக்கா? என்ன ஆச்சு?" தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"வா. எந்திரிச்சு வா."

வாசல் கதவருகே பல்பு குறுக்கே வந்தான். வாய் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தது, கண் அக்காவை முறைத்தது. "அக்கா, வெளிய கொண்டு போகாதீங்க. இத்தனை நாள் பட்ட பாடு வீணாயிடும். சார், ஒரு நிமிஷம், இவங்க ஊர்லருந்து வந்திருக்காங்க, இவங்களுக்கு..."

"நகருங்க மாப்பிள்ளை."

"அதுக்குன்னு ஒரு முறை இருக்குக்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிச்சத்துக்கு..."

அக்கா தோளால் அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். மாடிப்படித் திருப்பத்தில் மேலே திறந்த வானம். அங்கே நின்று துணியை விலக்கினாள்.

குழந்தை மஞ்சளாக இருந்தது. நெற்றி, மார்பு, வயிறு, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். மூக்கின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுக்க வேண்டிய இடம் மஞ்சளாகவே நின்றது. இமையை மெல்ல விலக்கினால், வெள்ளையாக இருக்க வேண்டிய விழி எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. பின்னால் வந்த தங்கையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல்லும் இல்லை, அழுகையும் இல்லை.

மேனேஜரும் எழுந்து வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சார், என்ன சார், குழந்தை இந்தக் கலர்ல இருக்கு?"

பல்புவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "வெயில்ல அப்படித்தான் சார் தெரியும். திடீர்னு வெளிய வந்தா நம்ம கண்ணுதான் பழகணும்."

சொந்தப் பிள்ளையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் இப்படிச் சொன்னான். அவனைத் திட்டக்கூட அக்கா நேரம் செலவழிக்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "உங்க கார் சாவியக் குடுங்க."

எதற்கு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கொடுத்துவிட்டார். தங்கை குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள். பல்பு கடைசி நேரத்தில் ஓடிவந்து முன்சீட்டில் விழுந்தான். முன்பின் தெரியாத காரை அக்கா தெருமுனை தாண்டுவதற்குள் வசப்படுத்திக்கொண்டாள். மேனேஜர் கையில் ஆரஞ்சுக் கண்ணாடியோடு தெருவில் நின்று, தன் கார் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகள் டாக்டர் கண்டிப்பான பெண்மணி. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, வேலையை நிறுத்தாமலே கேட்டார். "கலர் பாக்க வரச் சொன்னோமே, ஏன் வரல?"

பல்பு சொன்னான். டியூப்லைட்டிலிருந்து ஆரம்பித்துக் கருவறை வரைக்கும் முழுசாகச் சொன்னான். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். அப்படிக் கேட்டதே அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"பிறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல மஞ்சள் வரும்," என்றார் டாக்டர். "பெரும்பாலும் தானா போயிடும். சிலதுக்கு ஏறும். ஏறுதான்னு பாக்க வீட்ல உங்களுக்கு ஒரு மெஷினும் வேணாம். நல்ல வெளிச்சமும் ரெண்டு கண்ணும் போதும். அந்த வெளிச்சத்தத்தான் நீங்க காகிதம் ஒட்டி மறைச்சிட்டீங்க."

"ஆனா நிம்மதியாத்தான் தூங்கினான் டாக்டர். அழவே இல்ல."

"அது தூக்கம் இல்ல. அழறதுக்குத் தெம்பு இல்ல."

ரத்த முடிவு வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் விரலசைத்தார். இந்த மஞ்சள் இன்னும் ஏறினால் மூளைக்குள் புகுந்துவிடும் என்றார். புகுந்தால் கை கால் வராமல் போகலாம், காது கேட்காமல் போகலாம், உயிருக்கேகூட ஆபத்து. முதலில் விளக்கு வைத்துப் பார்ப்போம், மஞ்சள் அளவு இறங்கவில்லை என்றால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

குழந்தையின் உடுப்பைக் கழற்றி, கண்ணைத் துணிப்பட்டையால் மூடி, ஒரு கண்ணாடித் தொட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் சுவிட்சைப் போட்டாள். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் நீல வெளிச்சம் பாய்ந்தது. கலப்படம் இல்லாத, அப்பட்டமான நீலம்.

பல்பு ஒரு அடி முன்னால் வந்தான். "நீலமா? டாக்டர், இது நீலம். வேற நிறத்துல கிடையாதா? ஆரஞ்சுல..."

டாக்டர் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார். செருப்பில் ஒட்டிய எதையோ பார்க்கிற பார்வை. "தோலுக்கடியில இருக்கிற மஞ்சள உடைச்சுக் கரைக்கிறது நீலம்தான். எனக்குப் பிடிச்ச கலர்னு போடல. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, இங்க வேலை நடக்குது."

இந்தப் பதிலுக்காக அக்கா காலமெல்லாம் காத்திருந்தாள். ஆனால் வந்தபோது அதை ருசிக்க முடியவில்லை. நீல வெளிச்சத்துக்குக் கீழே அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. தங்கை தொட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நர்ஸ் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் பால் கொடுத்தாள், பாதியில் தூங்கிவிட்டால் பாதத்தைத் தேய்த்து எழுப்பினாள், மறுபடி படுக்க வைத்தாள். அக்கா இரண்டொரு தடவை தோளைத் தொட்டாள். தங்கை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து இரண்டாம் ரத்த முடிவைப் பார்த்தார். இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. ரத்தம் மாற்ற வேண்டாம் என்றார். "கொண்டு வந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது. காது கேக்குதான்னு மட்டும் கொஞ்ச நாள் கழிச்சுச் சோதிக்கணும். அதுவரைக்கும் அதப்பத்தி என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

அவர் போனதும் அக்காவுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது. அந்த நேரம் பார்த்து, கதவுக்கு வெளியே பல்பு போனில் பேசுவது கேட்டது. மேனேஜரிடம்தான்.

"இல்ல சார், இப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரு வகையில நல்லதுதான் சார். ஸ்பெக்ட்ரத்தோட மறுபக்கத்த நேர்ல பாத்துட்டேன். நீலத்தோட குணப்படுத்தற சக்தி இருக்கே, அதையும் நம்ம திட்டத்துல சேர்த்துட்டா உங்க ஸ்டாஃபுக்கு..."

அவன் உள்ளே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் மனசுக்குள் சேர்த்து வைத்தது எல்லாம் வரிசையாக வந்தது. மெத்தை வந்தது, தண்ணீர் மெஷின் வந்தது, டீத்தூள் போடாத டீ வந்தது. "இத்தனை வருஷத்துல எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன் மாப்பிள்ளை. கண்ண மூடிக்கிட்டு ஓட்டறவனக்கூடப் பாத்திருக்கேன். வண்டியில இருக்கிற எல்லார் கண்ணையும் கட்டிட்டு ஓட்டற ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்க வாய்க்கு ஒரு சுவிட்ச் இருந்திருந்தா இந்தப் பிள்ளை இங்க படுத்திருக்காது." சொல்லச் சொல்ல அவளுக்கே தன் பேச்சு பிடித்துப்போனது. இன்னும் கூர்மையாக ஒன்று நாக்கின் நுனியில் காத்திருந்தது. பல்பு தலையைக் குனிந்துகொண்டு, போனைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்து, பை எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான்.

"வெளிய போங்க," என்றாள் தங்கை.

அவள் குரலில் சத்தம் இல்லை. ஆனால் புருஷனைப் பார்த்து இப்படி ஒரு தொனியில் அவள் பேசி அக்கா கேட்டதே இல்லை. அக்காவின் நெஞ்சு நிறைந்தது. அப்பாடா, கடைசியில் இவளுக்கு வாய் வந்துவிட்டது.

"கேட்டுச்சா மாப்பிள்ளை? வெளிய..."

"ரெண்டு பேரையும்தான் சொல்றேன்."

அக்கா திரும்பினாள். தங்கை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்புவை டாக்டர் பார்த்தாரே, அதே பார்வை.

"என்னடி? நான் என்ன பண்ணேன்? நான்தானே இவனத் தூக்கிட்டு..."

"நான் உன்கிட்ட கேட்டேன்க்கா. மஞ்சளா தெரியலயான்னு உன்னத்தான் கேட்டேன், அவரக் கேக்கல. அவர் ஏதோ சொன்னாரு. நீ சிரிச்ச."

அக்கா தொட்டில் பக்கம் திரும்பினாள்.

"அவர் சொல்றத நான் எப்பவுமே நம்பினதில்ல. உனக்குத் தெரியும் அது. நீ சிரிச்சதும்தான், சரி, ஒண்ணுமில்லன்னு நினைச்சு இவனத் துணியில சுத்தினேன். அன்னிக்கே கொண்டு வந்திருக்கணும்." அவள் குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். நீல வெளிச்சம் அவள் கையிலும் முகத்திலும் விழுந்தது. "அவர் பாடம் நடத்திக்கிட்டே இருந்தாரு. நீ அவரக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்த. இப்பவும் ரெண்டு பேரும் அதத்தான் பண்றீங்க. என் பிள்ளைய யாரும் பாக்கல. போங்க."

இருவரும் வெளியே வந்தார்கள். நர்ஸ் உள்பக்கம் திரையை இழுத்துவிட்டாள். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. பல்பு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். அக்கா நின்று பார்த்தாள், கால் வலித்தது, அவளும் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் டியூப்லைட் வரிசையாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அக்கா," என்று ஆரம்பித்தான் அவன். ஏதோ சொல்ல வந்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். அவளும் என்னவென்று கேட்கவில்லை.

திடீரென்று உள்ளே குழந்தை அழுதது. முனகல் இல்லை, முழு அழுகை. பசித்த பிள்ளை வீட்டைத் தலைகீழாக்குகிற அழுகை. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். திரைக்குப் பின்னால் தங்கை குழந்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குக் கேட்கிறதா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகை மெல்ல அடங்கி, பால் குடிக்கிற சத்தம் வந்தது.

அவர்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.